நெஞ்சுவலியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் தலைமையாசிரியர் ஒருவர் பேச எழுந்தால், கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது இயல்பு. விழாக் குழுவினர் எமக்கு முதலில் அளித்த தலைப்பும் அதுவே. ஆயினும், நெஞ்சுவலியைப் பற்றிப் பேச இசைவு தருமாறு வேண்டிப் பெற்றோம். நான்கு ஆண்டுகளாக நெஞ்சில் ஒரு வலியோடு வாழ்ந்து வருகிறோம். அவ்வலி உயிரைப் பறிக்கும் வலியன்று. ஆனால், உயிரைப் பறிக்கும் வலியைப் போலவே வேடம் பூண்டு வருவது. அதனால் யாம் அறிந்துகொண்ட சில செய்திகள், நம் தெருவில் ஓர் உயிரையேனும் காக்குமானால் அதுவே போதும் என்று கருதியே இங்கு நிற்கிறோம்.

முதலில் நடந்ததைக் கூறிவிடுகிறோம்.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு நெருங்கியிருந்த காலம். தேர்வு அறைகளுக்கு மேசைகளும் விசிப்பலகைகளும் மாற்ற வேண்டியிருந்தது. ஆள் போதவில்லை. மாணவர்களோடு சேர்ந்து யாமும் தூக்கினோம். அதற்கு முன்பே இரண்டு வாரமாக விடாத இருமல் வேறு. மறுநாள் விடியற்காலையில், இடப்பக்கத்து மார்பில், நடு எலும்பை ஒட்டினாற்போல், கூரிய குத்தல் ஒன்று எழுந்தது. மூச்சை இழுத்தால் குத்தியது; திரும்பிப் படுத்தால் குத்தியது; தும்மினால் கண்ணில் நீர் வந்தது.

மூன்று நாள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை எம் தந்தையாரிடம் இருக்கிறது.

எம் தந்தையார் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. 1985-ஆம் ஆண்டு, யாம் பள்ளி மாணவனாக இருந்தபோது, ஓர் இரவு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். வியர்வை ஆறாகப் பெருகியது. வந்து பார்த்தவர்கள் அனைவரும் "வாய்வுப் பிடிப்பு" என்றனர். இஞ்சிச் சாறு கொடுத்தனர். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தனர். ஒருவர் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் நெஞ்சை எண்ணெயிட்டு நீவிவிட்டார். எல்லோரும் அன்போடுதான் செய்தனர். விடிவதற்குள் அவர் போய்விட்டார். இரண்டு நாளாகவே நெஞ்சு பாரமாக இருந்ததை அவர் எம் தாயாரிடமும் சொல்லவில்லை என்பது பின்னரே தெரிந்தது. சொன்னால் வேலைக்குப் போகாதே என்பார்கள். ஒரு நாள் கூலி போய்விடும். இதுவே அவர் கணக்கு.

படித்துப் பட்டம் பெற்று, தலைமையாசிரியராக அமர்ந்த பின்னரும், யாமும் அதே கணக்கைத்தான் போட்டோம். கூலிக்குப் பதிலாகத் தேர்வு என்று வைத்துக்கொண்டோம், அவ்வளவே வேறுபாடு. அத்துடன் ஓர் அச்சமும் சேர்ந்துகொண்டது. தந்தையாருக்கு வந்தது எமக்கும் வந்துவிட்டது என்று எமக்குள்ளே தீர்ப்பு எழுதிவிட்டோம். தீர்ப்பை உறுதிசெய்துகொள்ள மனம் துணியவில்லை.

சட்டையை ஆணியில் மாட்டக் கை உயராததைக் கண்டு எம் மனைவிதான் உண்மையை வரவழைத்தார். அன்றிரவே நம் தெரு இளைஞர் இருவர் எம்மை ஆட்டோவில் ஏற்றினர். முதலில், அருகில் இருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் சென்றோம். அவர் மேசைக்கு அப்பால் இருந்தபடியே இரண்டு கேள்விகள் கேட்டார். வயிற்றுப் புளிப்புக்கு ஒரு மாத்திரையும் வலிக்கு ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார். எம் நாடியைக்கூட அவர் பிடித்துப் பார்க்கவில்லை. உடன்வந்த இளைஞர்கள் அதனை ஏற்கவில்லை. "ஐயா, இதோடு வீட்டுக்குப் போகக் கூடாது" என்று வற்புறுத்தி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அவர்கள் இருவரும் இன்று இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எம் நன்றி.

அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தனர், இரத்தம் எடுத்துச் சோதித்தனர், மார்பை எக்ஸ்ரே படம் பிடித்தனர். எல்லாம் சீராகவே இருந்தன. அதன் பிறகு பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் எம்மைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நடு மார்பெலும்பின் ஓரமாக, மேலிருந்து கீழாக, ஒவ்வோர் இடமாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது, நான்காவது விலா எலும்புகள் சேரும் இடத்தில் அவர் விரல் பட்டதும் "அம்மா!" என்று அலறிவிட்டோம்.

"இதுதானே சார், அந்த வலி?"

"ஆமாம் அம்மா, அதுவேதான்."

மூன்று பொறிகளின் கண்ணுக்கும் அகப்படாத வலியை அந்த ஒரு விரல் கண்டுபிடித்தது. பொறிகள் வீண் என்று கூறவில்லை. இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கேடில்லை என்று அவை முதலில் உறுதி செய்த பிறகே, விரல் சொன்னதை நம்ப முடிந்தது. இரண்டும் வேண்டும் என்பதே யாம் கற்ற முதற் பாடம்.

அன்புடையீர், இந்நோய் யாது என்பதைச் சுருக்கமாக விளக்குவோம். மனிதனுக்கு விலா எலும்புகள் 12 இணைகள். முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக மார்பின் நடு எலும்போடு நேரே சேர்கின்றன. 8, 9, 10-ஆம் இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. கடைசி இரண்டு இணைகளும் முன்புறம் எதனோடும் சேராதவை. காதுமடலைத் தொட்டுப் பாருங்கள், வளையும், ஒடியாது. அதைப்போல் வளைந்துகொடுக்கும் பொருளே குருத்தெலும்பு. அது வளைந்து கொடுப்பதனால்தான் மூச்சுக்கு ஏற்ப மார்புக்கூடு விரிந்து சுருங்குகிறது. இக்குருத்தெலும்பு எலும்போடு சேரும் இடத்தில் ஏற்படும் அழற்சியே இந்நோய். மருத்துவர்கள் இதனைக் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்பர். இரண்டாம் விலா முதல் ஐந்தாம் விலா வரை உள்ள பகுதியிலேயே இது மிகுதியாக வரும். கடும் இருமல், பாரம் தூக்குதல், மார்பில் அடிபடுதல், பழக்கமில்லாத கை உழைப்பு ஆகியவை இதனைத் தூண்டலாம். பலருக்குக் காரணமே தெரியாமலும் வரும். பெரியவர்களுக்கு மட்டுமன்று, உங்களைப் போன்ற இளைஞர்களுக்கும் வரும்.

1921-ஆம் ஆண்டில், அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லா நகரின் அறுவை மருத்துவர் அலெக்சாந்தர் டீட்சே என்பவர், இவ்விடத்தில் வலியோடு வீக்கமும் தோன்றுவதை விவரித்து எழுதினார். வீக்கத்தோடு வருவதை அவர் பெயராலேயே இன்றும் அழைக்கின்றனர். எமக்கு வந்த வகையில் வீக்கம் இல்லை. ஆதலால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இல்லை.

இது ஏன் விரைவில் ஆறுவதில்லை? குருத்தெலும்புக்கென்று தனியே இரத்தக் குழாய்கள் கிடையா. மேலும், கை ஒடிந்தால் கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம்; மார்புக்கு ஓய்வு கொடுப்பது எங்ஙனம்? நிமிடத்திற்கு 15 மூச்சு என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு 21,600 முறை அந்த இடம் அசைகிறது. சித்தர் மரபு கூறும் கணக்கும் இதுவே. ஆகவே, சில வாரங்களில் பலருக்குத் தணியும். சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கும். எம்மைப் போன்ற சிலருக்குப் போய்ப் போய்த் திரும்பி வரும்.

இனி, அந்த ஒரு விரலைப் பற்றி நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், காந்தியடிகளின் "யங் இந்தியா" இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் குசராத்தின் கத்தியவார் பகுதியைச் சேர்ந்தவர், நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குலத்தவர், பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் உடல்நலம் கெட்டது. மூச்சு முட்டியது, விலாவில் கடும் வலி எடுத்தது. மருத்துவர் சேரிக்கு வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்குப் பொறுப்பேற்ற பின்னரே வந்தார். அப்போதும் சேரிக்குள் நுழையவில்லை. பிள்ளை பெற்ற அப்பெண்ணைப் பச்சிளங்குழந்தையோடு வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் அதைப் பார்த்த மருத்துவர், நிமோனியா என்று கூறிப் போய்விட்டார். மருந்து மட்டும் அனுப்பினார். மீண்டும் வந்து பார்க்கவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார்.

அண்ணல் அம்பேத்கர் தம் "வெயிட்டிங் ஃபார் எ விசா" என்னும் நூலில் இக்கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறார். அண்ணல் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் அக்கையெழுத்துப்படியை 1990-இல் நூலாக வெளியிட்டது. ஒரு கல்விக் கழகம் அந்நூலை வெளியிட்டது பொருத்தமே. ஏனெனில், அந்த மருத்துவர் கல்லாதவர் அல்லர். கற்றவர்தாம், ஆனால் தொட மறுத்தவர். அவர் கல்வி அவர் கைவிரல் நுனி வரை வந்து சேரவில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அச்சட்டத்தின் நிழலில் பிறந்தவர்கள் நாம். எம் மார்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் எக்குலத்தவர் என்று யாம் கேட்கவில்லை. எம் குலத்தை அவரும் கேட்கவில்லை. தொடாமல் மாத்திரை எழுதியவரும் குலம் பார்த்துத்தான் தொடவில்லை என்று குற்றஞ்சாட்ட எம்மிடம் சான்று இல்லை. அவசரமாகவும் இருக்கலாம், அசட்டையாகவும் இருக்கலாம். ஆனால், காரணம் எதுவாயினும், தொடாத மருத்துவத்திற்கு எம் வலி அகப்படவில்லை என்பது மட்டும் உண்மை. ஆகவே இளைஞர்களே, மருத்துவமனைக்குச் சென்றால், "ஐயா, இந்த இடத்தில் வலிக்கிறது, தொட்டுப் பாருங்கள்" என்று பணிவோடும் தயக்கமின்றியும் கேளுங்கள். அது சலுகையன்று, நோயாளியின் உரிமை.

அடுத்து, மிகவும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எம் கதையைக் கேட்டுவிட்டு, "நெஞ்சுவலி வந்தால் அழுத்திப் பார்த்தால் போதும், வலித்தால் இதயம் இல்லை" என்று எவரும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். அழுத்தினால் வலிப்பவர்களிலும் மாரடைப்பு உள்ளவர்கள் உண்டு. அந்த முடிவு மருத்துவருடையது. நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைசுற்றல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்கு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் மூச்சிரைப்பாகவும் மாரடைப்பு வருவதுண்டு. 

1985-இல் எம் தந்தையாரை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. தமிழகத்தில் 2008 முதல் 108 ஊர்தி இருக்கிறது. மாரடைப்பு என்று ஐயுறும்போது முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கும் "இதயம் காப்போம்" திட்டமும் 2023-இல் தொடங்கப்பெற்றது. இவ்வளவும் வந்த பிறகும் நம் வீடுகளில் முதலில் வருவது சோடாப் புட்டியாகவே இருக்குமானால், குறை நம்முடையதே. "வாய்வு" என்ற சொல் நம் மக்களில் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. மருத்துவர் சொல்லும் வரை எந்த நெஞ்சுவலியும் வாய்வு அன்று. இதனை நம் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

இனி, இவ்வலியோடு வாழும் முறையைச் சொல்லுகிறோம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுப்பது எமக்கு இதமளிக்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொள்கிறோம். தோளில் ஒரு பக்கமாகப் பை மாட்டுவதை விட்டுவிட்டோம். கரும்பலகையில் தலைக்கு மேல் எழுதுவதைக் குறைத்து, மார்பின் உயரத்திலேயே எழுதுகிறோம். கூன் விழுந்து நாற்காலியில் அமர்வதில்லை. வலி தணிந்திருக்கும் நாள்களில், கதவு நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி மார்பை மெல்ல விரிக்கும் பயிற்சியை மருத்துவர் சொன்ன அளவில் செய்கிறோம். வலிக்கும் என்று அஞ்சி மூச்சை மேலோட்டமாகவே விட்டுக்கொண்டிருந்தால் மார்பு மேலும் இறுகும் என்றார்; ஆதலால் மெதுவாக, ஆழமாக மூச்சு விடப் பழகினோம். கடுமையாக நீவுவதையும் சுளுக்கு எடுப்பதையும் அறவே தவிர்த்தோம்.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பயன் தருவன. ஆனால், கடையில் கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் நாள்தோறும் விழுங்குவது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடவே கூடாது. உடல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் பழக்கம் நம் தெருவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இவ்வலியில் உடல் படும் பாட்டினும் மனம் படும் பாடு பெரிது. ஒவ்வொரு முறை வலி திரும்பும்போதும், "இம்முறை அதுவோ?" என்ற கேள்வி எழுகிறது. பழகிய வலியாயின் பொறுத்துக்கொள்கிறோம்; புதிய வகை வலியாயின் மருத்துவமனைக்குச் செல்கிறோம். இரு முறை அவ்வாறு சென்று, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தோம். அதனை யாம் வெட்கமாகக் கருதவில்லை.

வேறொரு துன்பமும் உண்டு. வீக்கம் இல்லை, காயம் இல்லை, படத்தில் ஒன்றும் இல்லை என்றால், "வலி என்பது பாசாங்கு" என்று சுற்றத்தார் எண்ணத் தொடங்குவர். உழைக்கும் மக்களைப் பற்றி இந்நாட்டில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு: இவர்கள் உடம்பு உரமேறிய உடம்பு, இவர்களுக்கு வலி தெரியாது என்பது. மூட்டை சுமப்பவர்க்கும், செங்கல் சூளையில் நிற்பவர்க்கும், தலைச்சுமை தூக்கும் தாய்மார்க்கும் விலாவும் குருத்தெலும்பும் மற்றவர்க்கு அமைந்தவாறே அமைந்துள்ளன. பிறர் அவ்வாறு பேசியதைவிடக் கொடியது, நாமே அதனை நம்பிவிட்டது. எம் தந்தையார் நம்பினார். பட்டம் பெற்ற யாமும் மூன்று நாள் நம்பினோம். "வலிக்கிறது" என்று சொல்லும் ஒரு தாயைப் பார்த்து "வேலைக்குச் சோம்பல்" என்று சொல்லும் மகன் நம் தெருவிலும் இருக்கிறான். அந்த மகன் நாளை முதல் அவ்வாறு சொல்லாதிருப்பானாயின், இவ்வுரை பயன்பெற்றதாகும்.

நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இரவில் அவசரம் நேர்ந்தால் எவரை எழுப்புவது, எவர் வண்டி உள்ளவர், எந்த மருத்துவமனை அருகில் உள்ளது என்னும் விவரங்களை எழுதி, 108 என்னும் எண்ணோடு படிப்பகத்தில் தொங்கவிடுதல். இரண்டாவது, 40 வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும்படி, நம் இளைஞர்களே உடனழைத்துச் செல்லுதல். மூன்றாவது, சங்கத்தின் உதவித்தொகையில் ஆண்டுக்கு ஓரிடத்தையேனும் செவிலியர் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் ஒதுக்குதல்.

அவ்வாறு படித்து வெளிவரும் எம் மாணவச் செல்வங்களே, உங்களுக்கென்று ஒரு சொல். உங்கள் முன் வந்து அமரும் நோயாளி ஏழையாக இருக்கலாம். அழுக்கு ஆடை உடுத்தியிருக்கலாம். நமக்கு எதிராக ஒரு காலத்தில் நின்ற குலத்தவராகவும் இருக்கலாம். மேசைக்கு அப்பால் இருந்து மருந்து எழுதாதீர்கள். எழுந்து வாருங்கள், தொட்டுப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கத்தியவார் ஆசிரியரின் மனைவிக்குக் கிடைக்காத அந்தக் கையை, உங்களிடம் வரும் எவர்க்கும் மறுக்காதீர்கள்.

எம் நெஞ்சில் இவ்வுரையை ஆற்றும் இந்நேரத்திலும் சிறிது வலி இருக்கிறது. அதன் பெயர் தெரிந்துவிட்டது; எல்லை தெரிந்துவிட்டது. ஆதலால் அச்சம் குறைந்துவிட்டது. இதனைக் கேட்டு எம் மனைவி கவலையுறுவார் என்பதால், நாளைக் காலையில் மருத்துவரைக் காண இருக்கிறோம் என்பதையும் இவ்வவையிலேயே தெரிவித்துக்கொள்கிறோம்.